பிரீகாஸ்ட் வீட்டின் கார்பன் கணக்கு: ஆலை மட்டும் நினைத்தால் குறையாது

சென்னை பெரும்பாக்கத்தில் ஒன்றிய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தின்கீழ் 1,152 வீடுகள் கட்டப்பட்டன. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டி, 2022 மே 26 அன்று திறந்தார்கள். தூண், பீம், தளம், படிக்கட்டு என்று எலும்புக்கூடு முழுக்கத் தனித்தனியாக வார்த்து, கிரேனில் தூக்கிப் பொருத்தியது. பிரீகாஸ்ட் எனப்படும் இந்த முறையில் வேலை வேகமாக நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வேகத்தோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லப்படுகிறது: பிரீகாஸ்ட் என்றாலே கார்பன் குறைவு என்று. அதைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தெருவில் ஒரு மேஸ்திரி கட்டும் சாதாரண வீட்டுக்கு வரும் மூட்டை பெரும்பாலும் பிபிசி (போர்ட்லண்ட் பொசொலானா) சிமென்ட். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கும். நவீன பிரீகாஸ்ட் ஆலையின் சைலோவில் (சிமென்ட் சேமிப்புத் தொட்டி) இருப்பதோ பெரும்பாலும் ஓபிசி (சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்) 53 கிரேடு. அதில் கிட்டத்தட்ட முழுக்க, சிமென்டின் சுட்ட மூலப்பொருளான கிளிங்கர்தான். கிளிங்கர் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, சூளைக்கு எந்த எரிபொருள் போட்டாலும், 100 கிலோ சுண்ணாம்புக்கல்லிலிருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறியே தீரும். அது வேதியியல், பேரம் பேச முடியாது. ஆக, கன மீட்டருக்குக் கன மீட்டர் ஒப்பிட்டால், மேஸ்திரியின் கான்கிரீட்டைவிட ஆலையின் கான்கிரீட்டில் கார்பன் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆலைக்காரர் ஏன் ஓபிசியை விடுவதில்லை? காரணம் அச்சு.

ஆலையின் நாள் மாலையில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். அச்சைச் சுத்தம் செய்து, எண்ணெய் தடவி, கம்பிக்கூட்டை இறக்கி, மின்குழாய்ப் பெட்டிகளையும் தூக்கும் கொக்கிகளையும் பொருத்தி, கான்கிரீட் ஊற்றி முடிக்க மாலை ஆகிவிடும். மறுநாள் காலை அதே அச்சு காலியாக வேண்டும். இடையில் கிடைப்பது 14 முதல் 16 மணி நேரம். அதற்குள் சதுர மி.மீ.க்கு 15 முதல் 20 நியூட்டன் வலிமை வந்தால்தான் பேனலை உடையாமல் தூக்க முடியும். இந்த ஒரு நிபந்தனைதான் கலவையைத் தீர்மானிக்கிறது. வடிவமைப்புக்குத் தேவை எம்40, அதாவது சதுர மி.மீ.க்கு 40 நியூட்டன், ஆக இருக்கும்; 28-ஆம் நாள் சோதனையில் கியூப் (சோதனைக் கட்டி) 55-ஐத் தாண்டும். அந்த உபரி வலிமை கட்டடத்தில் எதையும் தாங்குவதில்லை. காலை எட்டு மணிக்கு அச்சைக் காலி செய்வதற்காகப் போட்ட சிமென்ட் அது.

ஒரு சுவர்ப் பேனலை எடுத்துக் கணக்குப் போடலாம். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 150 மி.மீ. தடிமன். கான்கிரீட் 2.7 கன மீட்டர், எடை ஏறத்தாழ 6.75 டன். கன மீட்டருக்கு 430 கிலோ ஓபிசி, கிலோவுக்குச் சுமார் 0.85 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், சிமென்ட் வழியாக மட்டும் அந்தப் பேனலில் 987 கிலோ ஏறுகிறது. அதே பேனலை கன மீட்டருக்கு 400 கிலோ பைண்டரில் (சிமென்டும் கசடும் சேர்ந்தது), 40 சதவீதம் இரும்பு உலைக் கசடுப் பொடி கலந்து வார்த்தால் சுமார் 580 கிலோவில் நிற்கும். ஒரு சுவரில் 400 கிலோ மிச்சம். ஆனால் கசடு கலந்த கலவை மெதுவாக இறுகும். சூடு கொடுக்காவிட்டால், 16 மணி நேரத்தில் தூக்கும் வலிமை பெரும்பாலும் வராது.

இங்கே இரண்டு வழி உண்டு. முதல் வழி சூடு. கசடுக் கலவைக்குச் சூடு நன்றாகவே ஒத்துப்போகும். ஊற்றிய மூன்று நான்கு மணி நேரம் சும்மா விட்டு, மணிக்கு 20 டிகிரிக்கு மேல் ஏறாதபடி 60 டிகிரி செல்சியஸ்வரை கொண்டுபோய், சில மணி நேரம் நிறுத்தி, அதே நிதானத்தில் இறக்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றியவுடன் நீராவி விட்டால் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு விழும். கான்கிரீட்டின் உள்வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினால், சிமென்ட் இறுகும்போது உருவாக வேண்டிய, ஆனால் அப்போது உருவாகாமல் போன எட்ரிங்கைட் படிகங்கள் ஈரம் பட்டு வருடங்கள் கழித்து உருவாகி, பேனலை உள்ளிருந்தே பிளக்கும். ஆகவே அச்சருகே காற்றில் வெப்பமானி மாட்டினால் போதாது. கான்கிரீட்டுக்குள்ளேயே தெர்மோகப்பிள் வைக்க வேண்டும். பாய்லர் எதில் எரிகிறது என்பதும் கணக்கில் வரும். ஃபர்னஸ் ஆயிலில் எரிந்தால் மிச்சத்தில் ஒரு பங்கு புகைபோக்கி வழியே போய்விடும். சுவர்களை நிறுத்தி வார்க்கும் பேட்டரி அச்சில் பேனல்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்பதால், சிமென்டின் சொந்தச் சூடே உள்ளே தங்கிவிடும். சென்னை வெயிலில் தார்ப்பாயும் வெப்பக்காப்புப் போர்வையும் போட்டால், பல நாள் பாய்லரே வேண்டாம்.

இரண்டாவது வழி பொறுமை. 24 மணிச் சுழற்சியை 48 மணி ஆக்கிவிட்டால் அவசரம் போய்விடும். ஆனால் அதே உற்பத்திக்கு இரண்டு மடங்கு அச்சு வேண்டும், இரண்டு மடங்கு ஷெட் வேண்டும். ஆலை முதலாளி இங்கேதான் முகம் சுளிப்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அச்சு எத்தனை முறை புரள்கிறது

மேலே சொன்ன சுவருக்கான எஃகு அச்சு சுமார் 3 டன் இருக்கும். டன்னுக்கு 2.3 டன் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், அச்சின் கணக்கில் 6.9 டன். 300 பேனல் வார்த்தால் ஒன்றுக்கு 23 கிலோ. 30 பேனல் வார்த்துவிட்டு, அடுத்த புராஜெக்டில் சுவர் 6.15 மீட்டர் என்று அச்சை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டால் ஒன்றுக்கு 230 கிலோ. கலவையில் பாடுபட்டுச் சேர்த்த மிச்சத்தில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடுகிறது.

48 மணிச் சுழற்சிக்காக இரண்டு அச்சு வாங்கி, ஒவ்வொன்றிலும் 150 பேனல் வார்த்துவிட்டுத் தூக்கிப்போட்டால்கூட, ஒரு பேனலுக்குக் கூடுவது 23 கிலோதான். சிமென்டில் குறைவது 400 கிலோ. கார்பன் கணக்கில் இது யோசிக்கவே வேண்டாத பேரம். பணக் கணக்கில்தான் இடிக்கிறது. அந்த அச்சு அடுத்த புராஜெக்டுக்கும் அதற்கடுத்ததற்கும் போகும் என்று உறுதியிருந்தால் பணக் கணக்கும் நேராகிவிடும். அந்த உறுதியை ஆலை தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது. பில்டர்களும் ஆர்க்கிடெக்டுகளும் சேர்ந்து, சுவர் நீளங்களில் ஆறேழு அளவுக்குள் நிற்போம் என்று ஒப்புக்கொண்டால்தான் கிடைக்கும். துறைக்குள் ஒத்துழைப்பு என்று மேடைகளில் பேசப்படுவதன் உள்ளடக்கம் இதுதான்: போட்டிக் கம்பெனிகள் ஒரே அளவுப் பட்டியலை ஏற்பது. அது நடந்தால் அச்சுக்கு ஆயுள் கூடும். அச்சுக்கு ஆயுள் இருந்தால் ஆலை நிதானமாக ஓடலாம். ஆலை நிதானமாக ஓடினால்தான் சிமென்ட் குறையும்.

இதற்கு அடிப்படை புதிதாக எழுத வேண்டியதில்லை. 100 மி.மீ.யை ஓர் அலகாக வைத்து, அறைகளை 300 மி.மீ. கட்டங்களில் அடுக்கும் மாடுலர் ஒழுங்கு இந்தியத் தரநிர்ணயங்களில் பல காலமாக இருக்கிறது. ஐஎஸ் 15916 பிரீகாஸ்டுக்கென்றே உள்ள நடைமுறைக் கோவை. ஆனால் மனையின் கோணலுக்கும் வாஸ்துவுக்கும் கார்ப்பெட் ஏரியாவின் கடைசிச் சதுர அடிக்கும் இடம் கொடுத்துக் கொடுத்து, வரைபடம் ஆலைக்கு வரும்போது 2,985, 3,040, 3,115 மி.மீ. என்று சுவர்கள் வந்து நிற்கும். அளவுகளையும் இணைப்பு விவரங்களையும் பகிர்வதில் சட்டச் சிக்கல் இல்லை. விலையைப் பகிர்ந்தால்தான் போட்டிச் சட்டம் கதவைத் தட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு எதையுமே பகிராமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

அச்சில் இன்னொரு மறைந்த செலவும் உண்டு. படுக்கை வாக்கில் வார்த்த பேனலை அப்படியே மேலே தூக்கும்போது, அதன் எடையோடு அச்சின் ஒட்டுப்பிடியும் சேர்ந்து இழுக்கும். நன்றாக எண்ணெய் தடவிய எஃகு அச்சிலேயே சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன் அளவு வரும். நம் சுவருக்கு 67 கிலோநியூட்டன் சொந்த எடை, 18 ஒட்டுப்பிடி. இந்த வளைவைத் தாங்கக் கூடுதல் கம்பி போடுகிறார்கள். பொருத்திய பிறகு அந்தக் கம்பிக்கு ஆயுள் முழுக்க வேலையில்லை. சாய்மேசை வைத்து 80 டிகிரிவரை நிமிர்த்தித் தூக்கினால் அந்தக் கம்பியில் பெரும்பகுதி தேவைப்படாது, தூக்கும் வலிமையும் குறைவாக இருந்தால் போதும். சாய்மேசை ஆலையில் இருக்கிறதா என்று ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் கேட்டுத் தெரிந்துகொண்டு கம்பி விவரம் எழுத வேண்டும். வழக்கமாக அவர் வரைந்து முடித்த பிறகுதான் ஆலையே முடிவாகிறது.

எங்கே உண்மையில் குறைகிறது

துளைத்தளம் எனப்படும் ஹாலோகோர் ஸ்லாப் இந்த முறையின் பெருமை. நூறு மீட்டர் நீளப் படுக்கையில் முறுக்குக் கம்பிகளை இழுத்துப் பிடித்து, ஈரமே இல்லாத மாதிரி இருக்கும் கலவையை இயந்திரம் அழுத்தித் தள்ளிக்கொண்டே போகும். 200 மி.மீ. தடிமனில் சதுர மீட்டருக்கு 280 கிலோ அளவுதான் எடை; அதே தடிமன் திடமான தளம் 500 கிலோ. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 3 மீட்டர் படுக்கையறைக்கு யாரும் 200 மி.மீ. தளம் போடுவதில்லை, 125 மி.மீ. போதும், அது 310 கிலோ. ஹாலோகோர் மேல் நில அதிர்வுக்காக 60 மி.மீ. டாப்பிங் (மேலே ஊற்றும் கான்கிரீட்) போட்டால் 430 கிலோவாகிவிடுகிறது. சிறிய வீடுகளில் இது நஷ்டம். ஆறு மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள பள்ளி, அலுவலகம், பார்க்கிங் தளம் ஆகியவற்றில்தான் ஹாலோகோர் தன் வேலையைக் காட்டும். தளத்தைப் பிறகு துளைப்பவர்கள் கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்துத்தான் கோர் கட்டர் வைக்க வேண்டும். ஒரு முறுக்குக் கம்பி அறுந்தால் அந்தப் பலகையின் தாங்குதிறனில் ஒரு பங்கு போய்விடும்.

சைட்டில் உடையும், சிந்தும், மிஞ்சும் கான்கிரீட் குறைவது உண்மை. சென்ட்ரிங் பலகை, முட்டு எல்லாம் குறைவதும் உண்மை. சுவர் மட்டமாக வருவதால் பூச்சு மெலிதாகிவிடும். அந்த மிச்சத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அறையையே பெட்டியாகச் செய்து அடுக்கும் மாடுலர் முறையில் கணக்கு வேறு. லைட் ஹவுஸ் திட்டத்திலேயே ராஞ்சியில் அந்த முறையைத்தான் எடுத்தார்கள். இதில் வெகுதூரம் போயிருப்பது சிங்கப்பூர். 2014 முதல் அங்கே தேர்ந்தெடுத்த அரசு விற்பனை மனைகளில் இதைக் கட்டாயமாக்கினார்கள். 2019-இல் முடிந்த கிளெமென்ட் கேனபி என்ற 40 மாடி இரட்டைக் கோபுரத்தின் கான்கிரீட் பெட்டிகள், மலேசியாவின் ஜொகூரில் வார்க்கப்பட்டு, சிங்கப்பூரின் துவாஸில் டைல்ஸ், குழாய், பெயின்ட் வரை முடிக்கப்பட்டு வந்தவை. கான்கிரீட் பெட்டி ஒன்று 20 முதல் 35 டன் வரை இருக்கும். பக்கத்துப் பெட்டிகளின் சுவர்கள் இரண்டும் ஒட்டி நிற்பதால், ஒரு சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுவர். கீழ்ப்பெட்டியின் கூரைமேல் மேல்பெட்டியின் தரை. பொருள் கூடத்தான் செய்யும். இரண்டு மெல்லிய சுவர்களுக்கு நடுவே கிரவுட் (இறுகும் சிமென்ட் குழம்பு) நிரப்பி ஒரே சுவராக வேலை செய்ய வைத்தும், கூரையை மெலிதாக்கியும் இதைக் குறைக்கிறார்கள். ஆட்கள் பஞ்சமும் மனை நெருக்கடியும் உள்ள ஊருக்கு அது சரியான விடை. கார்பனுக்காக மட்டும் ஒருவர் கான்கிரீட் பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அவர் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது நல்லது. குளியலறையை மட்டும் பெட்டியாகச் செய்து மற்றதைப் பேனலில் விடுவது நம் ஊருக்குப் பொருத்தமான நடுவழி.

போக்குவரத்து எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, ஆனால் முதல் பிரச்சினை அதுவல்ல. டிரெய்லர் ஒன்று மூன்று சுவர் ஏற்றி 100 கி.மீ. போய்க் காலியாகத் திரும்பினால் சுமார் 70 லிட்டர் டீசல், 190 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு சுவருக்கு 63 கிலோ. நானூறு கி.மீ. என்றால் 250-ஐத் தாண்டும். அப்போதுதான் யோசிக்க வேண்டும். காலியாகத் திரும்பும் வண்டிக்கு முக்கியக் காரணம், பேனலைச் சாய்த்து நிறுத்தும் ஏ வடிவச் சட்டம் ஆலைக்கு ஆலை மாறுவது. சட்டத்தின் அளவை மட்டும் பொதுவாக்கினாலே ஒரு ஆலையின் வண்டி இன்னொன்றின் சரக்கை ஏற்றித் திரும்பலாம்.

ஜாயின்ட்

1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18-ஆவது மாடியில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர்ப் பேனல் வெளியே தள்ளப்பட, அந்த மூலை முழுக்க மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். 1986-இல் அதைப் பிரித்தெடுத்தபோது, கலவை இருக்க வேண்டிய ஜாயின்டுகளில் செய்தித்தாள் திணித்திருந்தது தெரிந்தது. பிரீகாஸ்ட் கட்டடத்தின் தரம் ஆலையில் தெரியாது. இரண்டு பேனல் சேரும் அந்த 20 மி.மீ. இடைவெளியில் தெரியும்.

இன்று நாம் பயன்படுத்தும் கிரவுட் ஸ்லீவ் நல்ல தொழில்நுட்பம். கீழ்ப்பேனலிலிருந்து நீட்டி நிற்கும் கம்பி மேல்பேனலின் எஃகுக் குழலுக்குள் நுழைய, கீழ்த்துளை வழியாகக் கிரவுட்டை ஏற்றுவார்கள். மேல்துளையில் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒழுகத் தொடங்கிய பிறகே அடைக்க வேண்டும். கலந்த கிரவுட்டுக்கு ஆயுள் அரை மணி அளவு. ஏப்ரல் மதியத்தில் அதுவும் கிடைக்காது. கெட்டியானதும் தண்ணீர் ஊற்றிக் கிளறுவதுதான் சைட்டில் நடக்கும் முதல் தவறு. இரண்டாவது, கம்பி சில மி.மீ. தள்ளி நிற்கும்போது சுத்தியலால் வளைப்பது, அல்லது ராத்திரியில் வெட்டிவிடுவது. இதைத் தடுக்க, ஆலையில் ஸ்லீவ்களைப் பிடித்து வைக்கும் அதே அச்சுத்தகட்டின் நகலைச் சைட்டில் கம்பி நிறுத்தவும் கொடுத்துவிட வேண்டும். தகடு செய்யும் செலவு சொற்பம். ஆலையும் காண்ட்ராக்டரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், அதை யார் செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

வடகிழக்குப் பருவமழையில் காற்று மழையைச் சுவருக்குள் தள்ளும். சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) மட்டும் நம்பினால் சில வருடங்களில் படுக்கையறை மூலையில் ஈரம் தெரியும். கிடைமட்ட ஜாயின்டில் உட்பக்கம் 50 முதல் 75 மி.மீ. உயர வரம்பு வைத்து, புகுந்த தண்ணீர் தானே வெளியே வடியும்படி வார்க்க வேண்டும். இது அச்சில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். பிறகு சேர்க்க முடியாது.

வரைபடத்தை எப்போது பூட்டுவது என்பதும் கார்பன் விஷயம்தான். ஏசி பாயின்ட் இடம் மாறியதால் நாற்பது பேனல் வீணானால், மேலே பார்த்த கலவை மிச்சமெல்லாம் அதிலேயே கரையும். மின், குழாய், லிஃப்ட் விவரங்கள் முடிந்து, எல்லோரும் கையெழுத்திட்ட பிறகே முதல் அச்சு வெட்ட வேண்டும். அதற்கு ஆலை, டெண்டர் முடிந்த பிறகு அல்ல, வரைபடம் போடும்போதே மேசையில் இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முறையும் மாற வேண்டும். வழக்கமான ரன்னிங் பில் சைட்டில் அளந்த வேலைக்குத்தான் பணம் தரும். பிரீகாஸ்டிலோ முதல் பேனல் ஏறுவதற்குள் ஆலை அச்சுக்கும் கம்பிக்கும் சிமென்டுக்கும் பெரும்பணம் போட்டிருக்கும். யார்டில் நிற்கும் பேனலை எண் குறித்து, இன்ஷூரன்ஸ் எடுத்து, உரிமையை எழுத்தில் மாற்றி, வங்கி உத்தரவாதத்தின் பேரில் பில்லில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் ஆலை அச்சை வேகமாகச் சுழற்றித்தான் பணத்தைத் திருப்பும். மறுபடி 24 மணிச் சுழற்சி, மறுபடி ஓபிசி.

கம்பியிலும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு பசுமை எஃகுக்கு வரையறை கொடுத்தது: ஒரு டன் எஃகுக்கு 2.2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குக் கீழே உமிழ்ந்தால்தான் அந்தப் பெயர், 1.6-க்குக் கீழே இருந்தால் ஐந்து நட்சத்திரம். ஒரு பில்டர் கேட்டால் மில் அசையாது. ஐந்தாறு ஆலைகள் ஒரே கொள்முதல் விவரம் அனுப்பினால் பதில் வரும்.

உலைக் கசடு எல்லோருக்கும் போதாது. இருப்பதில் பெரும்பகுதியைச் சிமென்ட் கம்பெனிகளே எடுத்துக்கொள்கின்றன. நாம் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். அடுத்த வழி எல்சி3 எனப்படும் சுட்ட களிமண் சிமென்ட்: பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம். சென்னை ஐஐடி உட்படப் பல ஆய்வுக்கூடங்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்த பொருள். ஐஎஸ் 18189 என்ற தரநிர்ணயம் 2023-இல் வந்தது. களிமண் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் பிளாஸ்டிசைசர் (கலவையை இளக்கும் ரசாயனம்) கூடுதலாக வேண்டும், நிறம் சற்றே சிவக்கலாம், 16 மணி வலிமையை அந்தந்த ஆலையின் ஜல்லி, எம்-சாண்டோடு சோதித்துத்தான் சொல்ல முடியும். சோதனைப் பேனல் வார்க்க ஆலைகள் தயங்குவதில்லை. தடையாக நிற்பது, பல டெண்டர்களில் பழைய ஆவணத்திலிருந்து அப்படியே நகலெடுத்து வரும் 'ஓபிசி 53 கிரேடு மட்டும்' என்ற ஒரு வரி. அதை எடுத்துவிட்டு, தூக்கும் நேரத்து வலிமை இவ்வளவு, 56-ஆம் நாள் வலிமை இவ்வளவு, கன மீட்டருக்கான கார்பன் உச்சவரம்பு இவ்வளவு என்று மூன்று எண்களை எழுத வேண்டியவர் கன்சல்டன்ட்.